இளைத்துப்போன வண்டி

"தீ இந்தச் சந்துக்குள்ள வந்துடுச்சே அம்மா, வண்டியால மட்டும் ஏன் வர முடியல?"

ஆறு வயது சோல் இப்படிக் கேட்டபோது தாக் பெரியவரின் மாட்டுக்கொட்டகை எரிந்து முடிந்திருந்தது. தீயணைப்பு வண்டி அவருடைய கல்சுவர் வளையும் இடத்தில் மாட்டிக்கொண்டு, முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல், சிவப்பு விளக்கை மட்டும் சுழற்றிக்கொண்டு நின்றது. சோலின் அப்பாதான் நனைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்து சினைப்பசுவை இழுத்து வந்தார். குழந்தையின் கேள்வி எல்லார் காதிலும் விழுந்தது.

பதினெட்டு வருடம் கழித்து அதே கேள்வி, அரசாங்கப் படிவத்தில் நான்காவது குறையாக வந்து மல்சூன் முன்னால் நின்றது.

மல்சூன் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் சோறு வடித்தவள். கணவர் காலமாகிவிட்டார், மகள் சோல் இப்போது பூசான் நகரத்தில் நர்ஸ். ஓய்வு பெற்ற கையோடு, ஊரில் மூடிக்கிடந்த அரிசி ஆலையை எடுத்து, அரிசிச் சாராயமான சோஜூ வடிக்கச் சின்னதாக ஒரு வடிசாலை தொடங்கினாள். ஊரின் மற்ற பன்னிரண்டு வீடுகளில் பதினொன்று, குளிர்காலத்தில் ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தன. சூசக் பண்டிகைக்கு முன்னோர் படையலில் வைக்க வீட்டுக்கொரு பாட்டில் தருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். செத்துப்போனவர்களுக்குக் கொடுத்த வாக்கு. தள்ளிப்போட முடியாது.

கொடுக்காத பன்னிரண்டாவது வீடு தாக் பெரியவருடையது. வாய்க்கால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற விஷயத்தில் இருவருக்கும் பேச்சு நின்று ஐந்து வருடம். அவர் முகத்தில் விழிக்கக் கூடாதென்று மல்சூன் கடைத்தெருவுக்குக்கூட ஓடைக்கரை வழியாகத்தான் சுற்றிக்கொண்டு போவாள்.

தீயணைப்புச் சான்று இல்லாமல் ஒரு பாட்டிலும் வாசலைத் தாண்டக் கூடாது. சான்று தரவேண்டிய அதிகாரி பியோ நல்ல மனிதர், ஆனால் நேர்மையில் கொஞ்சம் நோய் பிடித்தவர். தண்ணீரைக்கூட வீட்டிலிருந்து கொண்டு வருவார். முதல் தடவை வந்தபோது மூன்று குறை எழுதினார்: மூலைக்கொரு தீயணைப்பான் வேண்டும், பின்கதவை அடைத்திருக்கும் ஜாடிகள் நகர வேண்டும், கூரையில் புகையை மோப்பம் பிடிக்கும் கருவி வேண்டும்.

மூன்றையும் ஒரே வாரத்தில் செய்து முடித்தாள் மல்சூன். அன்றே முதல் தவணை அரிசியை அவிக்க ஏற்றினாள். ஒரே சரக்குக்கு மூன்று தவணையாக அரிசி அவித்துச் சேர்ப்பது அவள் வழக்கம். பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் ஆவி குப்பென்று மேலே போனது. புதுக் கருவி அதை முகர்ந்து பார்த்து அலறியது. அது தீயணைப்பு நிலையத்தோடு நேரடியாக இணைக்கப்பட்டிருந்தது.

வண்டி வந்தது. வழக்கமான வளைவில் மாட்டிக்கொண்டது. ஆட்கள் இறங்கி, கண்ணாடியை மடக்கி, முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு வழியாக வந்து சேர்ந்தார்கள். அங்கே தீ இல்லை, நன்றாக வெந்த சோறு இருந்தது. சாப்பிட்டுப் போங்கள் என்று மல்சூன் எவ்வளவோ கெஞ்சினாள். அவர்கள் தொடவில்லை. போகும்போது நேரத்தைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பியோ வந்து நான்காவது குறையை எழுதினார்.

"வண்டி வர இருபத்துமூணு நிமிஷம் ஆயிருக்கு. சாராயம் காய்ச்சுற இடத்துக்கு எட்டு நிமிஷத்துக்குள்ள வந்தாகணும்."

"தீயே இல்லாத இடத்துக்கு எப்ப வந்தா என்னங்க?"

"பதிவு பதிவுதாம்மா."

கூட ஒத்தாசைக்கு இருந்த பக்கத்து வீட்டு ஓக்ரே, பேசாமல் தாக் பெரியவரிடம் போய்ச் சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லிக் கேள் என்றாள்.

"நான் போய் அந்த மனுஷன்கிட்ட நிக்கறதா? அதுக்கு நான் அந்த ஜாடிக்குள்ளயே குதிச்சு ஊறிடுவேன்."

"ஊறினாலும் காரம் குறையாது உனக்கு" என்றாள் ஓக்ரே.

மல்சூன் வேறு வழி பிடித்தாள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து, இனிமேல் எங்கள் ஊருக்கு வருவதென்றால் சின்ன வண்டியாகப் பார்த்து அனுப்புங்கள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். போனை எடுத்தவர், "பார்க்கறோம்மா" என்றார். பள்ளிக்கூடத்தில் கூடுதலாக மிளகாய்த்தூள் கேட்டபோதும் இதே பதில்தான் வரும், பிறகு வந்தும் சேரும். அவளுக்கு நம்பிக்கை பிறந்தது.

இரண்டாம் தவணை அரிசியை, கருவியின் மூக்குக்கு எட்டாதபடி வெளி முற்றத்தில், விறகடுப்பில் இரும்பு அண்டாவை வைத்து அவித்தாள். புகை நேராக வானத்துக்குப் போனது. கால் மணி நேரத்தில் வண்டி வந்தது. யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

"யாருன்னு நான் சொல்லணுமா?" என்றாள் மல்சூன், தாக் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே. அவருடைய மாடியிலிருந்து இந்த முற்றம் உள்ளங்கை போலத் தெரியும்.

ஆனால் ஒரு ஆறுதல். பதினான்கே நிமிடம். அவள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். பெரிதாகத்தான் இருந்தது. இருந்தாலும் போன தடவைக்குக் கொஞ்சம் இளைத்ததுபோல அவளுக்குப் பட்டது.

ஓட்டிவந்த இளைஞன் ஹாம், புகை போடுவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று பணிவாக எச்சரித்துவிட்டுப் போனான். மூன்றாம் தவணைக்கு அவள் சொல்லத்தான் நினைத்தாள். சொன்னால் அதையும் பியோ ஒரு குறையாக எழுதுவாரோ என்று பயம் வந்தது. ஊர் எழும் முன்னே, விடியற்கால மூடுபனியோடு புகையைக் கலந்துவிடலாம் என்று திட்டம் போட்டாள். பனியில் புகை தெரியவில்லை. அதற்குப் பதில் அடுப்பின் வெளிச்சம் பனியில் பரவி, ஆலை முழுவதும் பற்றி எரிவதுபோலத் தெரிந்தது. ஆறே நிமிடத்தில் வண்டி வந்து நின்றது. அவளுக்கு இன்னும் மெலிந்ததாகவே தோன்றியது.

"அந்த ஆளு தூங்கவே மாட்டாரா?" என்று மல்சூன் பொருமினாள். தாக் பெரியவர் இப்போதெல்லாம் ராப்பகலாகச் சுவரில் ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று ஓக்ரே ஆரம்பித்தாள். அவர் பேச்சையே எடுக்காதே என்று மல்சூன் வாயை அடைத்துவிட்டாள்.

இவ்வளவு இடைஞ்சல் வந்தால் பூசை போட வேண்டியதுதான். வடிக்கத் தொடங்கும் முன்பு முற்றத்தில் மேசை போட்டு, சிரித்த முகமாக ஒரு பன்றித்தலையை வைத்து, சிவப்புப் பயறு அப்பம் அடுக்கினாள். கடைசியில், வேண்டுதலை நினைத்து ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கொளுத்தி மேலே விட்டாள். காகிதம் எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு நல்லது. அன்று அது மிக நன்றாகப் போனது. கூரை விளிம்புவரை ஏறி, அங்கிருந்து காற்றில் திரும்பி, அப்போதுதான் வாசலில் நுழைந்த பியோவின் தொப்பியில் வந்து உட்கார்ந்தது.

பியோ பயிற்சி பெற்றவர். தொப்பியைத் தரையில் எறிந்தார், சுவரில் இருந்த தீயணைப்பானைப் பிடுங்கினார், அடித்தார். தொப்பி அணைந்தது. பதற்றத்தில் மேசையும் அணைந்தது. பவுடர் அடங்கியபோது, பன்றித்தலை கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல வெள்ளை வெளேரென்று சிரித்துக்கொண்டிருந்தது.

பிறகு பியோ மூச்சு வாங்கிக்கொண்டு மூலைகளைச் சரிபார்த்தார். ஒரு தீயணைப்பானின் அளவு முள் அடிவரை இறங்கியிருந்தது.

"இது காலியா இருக்கும்மா."

"நீங்கதானே காலி பண்ணினீங்க?"

"யாரு பண்ணினாலும் காலி காலிதான்" என்று வருத்தத்தோடு ஐந்தாவது குறையை எழுதினார்.

பூசைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் பூசையே வீண். உள்ளே எடுத்துவைத்திருந்த அப்பத்தில் இரண்டைக் காகிதத்தில் மடித்து, அவர் காணாதபோது பைக்குள் போட்டாள் மல்சூன். மறுநாள் பியோ அப்பங்களையும், அவற்றைத் திருப்பிக் கொடுத்ததற்கான மூன்று பக்கப் படிவத்தையும் கொண்டு வந்தார். அப்பம் என்ன நிறம், எத்தனை, எந்த நோக்கத்தோடு என்று எழுதச் சொல்லியிருந்தது. நோக்கம் என்ற இடத்தில் மல்சூன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "பசிக்குமே" என்று எழுதினாள்.

பியோ அதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது கடைசிச் சோதனை. தீயணைப்பான் நிரம்பியிருந்தது, கதவு திறந்தது, ஆவி போக மேலே தனிக்குழாய் வைத்திருந்தாள். மிஞ்சியது நான்காவது குறை. மல்சூன் சமையலறைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பதினொரு வீட்டுத் தாத்தாக்களும் பாட்டிகளும் காலிக் கிண்ணத்தோடு காத்திருப்பதுபோல இருந்தது.

பியோ பதிவேட்டைப் புரட்டினார். இருபத்துமூன்று. பதினான்கு. ஆறு.

"கடைசியா வந்த நேரத்தைத்தான் எடுத்துக்கணும்கிறது விதி" என்று சொல்லி முத்திரை குத்தினார். புறப்படும்போது வாசலில் தயங்கி நின்று, "அப்பம் என்ன பயறும்மா அது? வாசனை நல்லா இருந்துது" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

முதல் வடிப்பில் முப்பது பாட்டில் வந்தது. பதினொரு வீட்டுக்கும் கொடுத்ததுபோக, மற்றதைச் சந்தையில் ஓக்ரே விற்றுத் தந்தாள். பண்டிகைக்கு முதல்நாள் இரண்டுதான் மிச்சம். ஒன்றைக் கணவரின் படையலுக்கென்று எடுத்து வைத்தாள். விடுமுறையில் இருந்த ஓட்டுநர் ஹாம் தன் சொந்த வண்டியில் வந்து இன்னொன்றை விலைகொடுத்து வாங்கினான்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும் தம்பி" என்றாள் மல்சூன். "நான் கேட்டபடி தடவைக்குத் தடவை சின்ன வண்டியா அனுப்பினீங்களே, அதனாலதான் இது நடந்துது."

ஹாம் விழித்தான்.

"எங்க நிலையத்துல இருக்கறதே ஒரே வண்டிதாங்க அக்கா. வண்டி இளைக்கல, அந்தப் பெரியவரோட சுவர்தான் இளைச்சுது. ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் போன் பண்ணினதே அவர்தான். 'தீ இல்ல, வெறும் அடுப்புப் புகைதான். ஆனா சொன்னா வந்துதானே ஆகணும்? வந்து பாருங்க, இப்ப நுழையுதான்னு'ன்னாரு. ஒவ்வொரு தடவையும் அளவுகோலோட நின்னு, எங்க இடிக்குதுன்னு குறிச்சுக்கிட்டாரு. ஏன் பெரியவரேன்னு கேட்டேன். 'ஒரு மனுஷன் உள்ள போய் என் மாட்டை இழுத்துட்டு வந்தப்ப, வண்டி என் சுவருலதான் நின்னுது'ன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னாரு."

பண்டிகையன்று விடியும் முன்னே, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக மல்சூன் அந்த வளைவின் வழியாக நடந்தாள். சுவர் இரண்டு முழம் உள்ளே தள்ளிப் போயிருந்தது. அதற்கு இடம் விட்டு, அவருடைய மிளகாய்ப் பாத்தியில் பாதி காணாமல் போயிருந்தது. எடுத்த கற்களை இலந்தை மரத்தடியில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். அவள் மேல்கல்லைத் துடைத்து, தன்னிடம் இருந்த ஒரே பாட்டிலை அதன்மேல் வைத்து, பனி படாமல் பூசணி இலையால் மூடினாள். அவர் வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குரைக்காமல் படுத்துக்கொண்டது.

அன்று சோலின் அப்பாவுக்குப் படையலில் பார்லித் தண்ணீர்தான். அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.