காதால் ஒயின் குடித்த திராட்சை பாய்

ஒயினை நாக்கால் ருசித்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். மூக்கால் முகர்ந்தே அதன் வயதைச் சொல்கிறவர்களும் உண்டாம். காதால் குடித்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் தாம்பரம் மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருந்த திராட்சை பாய்.

வாழ்நாளில் ஒரு சொட்டு அவர் உதட்டில் பட்டதில்லை. ஆனால் சேலையூரில் தொடங்கி பள்ளிக்கரணை வரை எந்த வீட்டு ஒயின் ஜாடி எந்த நாளில் பதமாகும் என்பது, அந்த வீட்டுக்காரிக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். சித்திரையில் மாம்பழம் விற்பார், ஆடியில் நாவல் பழம் விற்பார். பெயர் மட்டும் பன்னிரண்டு மாதமும் திராட்சை பாய். அவருடைய சொந்தப் பெயரை நான் முதன்முதலில் படித்ததே அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையில்தான். அந்தப் பத்திரிகை அச்சாகாமலே போயிருக்க வேண்டியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தாம்பரத்தைச் சுற்றியிருந்த ஏரிக்கரையெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. வெளிநாட்டில் ஒயின் தேசம் என்றால் மலைச்சரிவும் கொடி வரிசையுமாக இருக்குமாம். எங்கள் ஒயின் தேசத்தில் ஒரு கொடி கிடையாது, துணி காயப்போடும் கொடியைத் தவிர. மாடிப்படிக்குக் கீழே, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், பழைய வேட்டித் துணியால் வாய் கட்டிய பீங்கான் ஜாடி. அதற்குள் பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் கொஞ்சம் பட்டையும் கிராம்பும். கிறிஸ்துமஸுக்காக வீடு வீடாக ஊறும். கார்த்திகை மழையில் ஊரே நனைந்து நடுங்க, அந்த ஜாடிகளுக்குள் மட்டும் ஒரு குட்டி வெயில் குடியிருக்கும்.

பாய் இந்தத் தேசத்துக்கு வழிகாட்டியானது ஒரு சண்டையால். சேலையூர் டீச்சரம்மா ஒருவர் கடைக்கே வந்து கத்தினார்.

“பாய், உங்க திராட்சையால எங்க ஒயின் காடியாப் போச்சு!”

“பழத்த குத்தம் சொல்லாதீங்கம்மா. பழம் கொயந்த மாதிரி. வளர்க்கத் தெரியணும்.”

கடையை அப்படியே விட்டுவிட்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போனார். குடித்துப் பார்க்க முடியாது, மார்க்கம் தடுக்கிறது. முகர்ந்தால் தலைவலி வருகிறது. வேறு வழியில்லாமல், ஊறும் ஒயின் உள்ளே நுரைத்துப் பொரிவதைக் கேட்க ஜாடியில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, “டீச்சரம்மா தெனம் கிளறச் சொல்லிக் கீறாங்க. இத யாரும் கிளறல” என்றார். கிளறுவது அந்த வீட்டு சாருடைய பொறுப்பு. அன்றைக்கு அங்கே கிளறப்பட்டது ஒயின் மட்டுமல்ல.

அதிலிருந்து பழம் கொடுத்த வீடுகளிலெல்லாம் ஜாடி கேட்கக் கூப்பிட்டார்கள். அந்தப் பொரியும் சத்தம் ஓய்ந்தால்தான் ஒயின் பதம். டாக்டர் ரவுண்ட்ஸ் போவது மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்புவார். அவரோடு நானும், என் பக்கத்து வீட்டு பி.டி. மாஸ்டர் டேவிட்டும் ஒட்டிக்கொண்டோம். அவர் கேட்பார், நாங்கள் குடிப்போம். இதைவிட நல்ல வேலைப் பிரிவினையை நான் பார்த்ததில்லை.

வாகனம், பாயே ஓட்டுகிற, குட்டி யானை என்று எல்லோரும் அழைத்த சின்ன லோடு வண்டி. பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒருமுறை கேம்ப் ரோடு முனையில் போலீஸ்காரர் கை காட்டினார்.

“லோடு வண்டில ஆளு ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?”

“ஆளு இல்ல சார், லோடுதான். வாய் மட்டும் பேசுது.”

போலீஸ்காரர் எங்களைப் பார்த்தார். என் மடியில் வாழைத்தார், டேவிட் தலையில் சாக்கு. சிரிப்பை அடக்க முடியாமல் விட்டுவிட்டார்.

இந்தத் தேசத்துக்குப் போக விரும்புகிறவர்களுக்கு பாய் வைத்திருந்த சட்டங்களைச் சொல்லிவிடுகிறேன். காலையில் இட்லி சாப்பிடாதவன் வண்டியில் ஏறக் கூடாது. டானிக் பாட்டிலின் மூடிதான் கோப்பை. அதற்கு மேல் கேட்பவனைச் சந்தோசபுரம் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுவார். ஒரு வீட்டு ஒயினைப் பற்றி இன்னொரு வீட்டில் பேசவே கூடாது. “பொண்ணு பாக்கப் போன வூட்ல வேற பொண்ணப் பத்திப் பேசுவியா?” எல்லாவற்றுக்கும் மேலே, அவசரம் ஆகாது. ஒரு நாளைக்கு மூன்று வீடு. மூன்றிலும் உட்கார வேண்டும், கதை கேட்க வேண்டும், பூனையைத் தடவ வேண்டும். நான் ஒருமுறை தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்.

“இன்னா சார், வாட்ச்ச பாக்கற? ஒயினு இன்னா பீச் டிரெயினா, வுட்டுட்டுப் போறதுக்கு?”

அவர் பேச்சைக் கேட்காதவர் மேடவாக்கத்து இன்ஜினியர் ஒருவர்தான். ‘இன்னும் ஆவல’ என்று பாய் சொல்லியும், ஒயினை வடிகட்டி பாட்டிலில் ஊற்றி, மெழுகு வைத்து அடைத்து, அலமாரியின் மேல் அடுக்கிவிட்டார். கிறிஸ்துமஸ் பாட்டுக் குழு வீட்டுக்கு வந்து பாடிக்கொண்டிருந்த சாயங்காலம் அவை ஒவ்வொன்றாக வெடித்தன. பாடகர்கள் பாடியபடியே சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் பஞ்சுத் தாடி நாவல்பழ நிறமாயிற்று. குழந்தைகள் மட்டும் “ஒன்ஸ் மோர்!” என்று கை தட்டினார்களாம். பாய் விஷயம் கேள்விப்பட்டு, “உள்ள பேசிகினு இருந்தவன் வாய அடைச்சா இன்னா ஆவும்?” என்று கேட்டதோடு சரி.

இப்படி ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வம்பு வந்தது. பாயின் ஒரே மகள் நசீமாவைப் பம்மலில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். இளவயதிலிருந்து தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை செய்து, பிறகு சொந்தமாக பெல்ட் தைக்கும் பட்டறை போட்டவர். சிரித்தால் அபராதம் என்பதுபோல் ஒரு முகம். அவர் காதில் யாரோ ஓதிவிட்டார்கள்: ‘திராட்சை பாய் வண்டி வெச்சு ஆளுங்கள வூடு வூடா குடிக்கக் கூட்டிகினு போறாரு. அவரும் ஊத்திக்கிறாரு.’ குடிக்கிற வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று பம்மலிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

பாய் ஒடுங்கிப்போனார். சப்போட்டா கேட்டவருக்கு ஆப்பிள் நிறுத்துப் போட்டார். நாங்கள் கடைக்குப் போனபோது, ஒரு மாதுளையைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“நசீமா என்ன சொல்றா பாய்?”

“புள்ள வாயத் தொறக்கல சார். அவங்க வூட்ல போட்ட கம்மல மட்டும் இன்னும் கயட்டல.”

டேவிட்தான் சொன்னான்: “ஹாஜியாரையே ஒரு நாள் கூட்டிட்டு வாங்க பாய். நேர்ல பாக்கட்டும்.”

பாய் பம்மலுக்குப் போய்க் கூப்பிட்டார். “வரேன். எங்கண்ணால பாக்கறேன். அப்புறம் சொல்றேன்” என்றாராம் ஹாஜியார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை ஜிப்பாவும் மடக்கிய குடையுமாக ஹாஜியார் முன் சீட்டில் ஏறினார். நாங்கள் பின்னால், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள்போல் கைகட்டி உட்கார்ந்தோம். முதல் வீட்டில் டானிக் மூடி நீட்டப்பட்டதும் டேவிட் பயந்துபோய், “வயிறு சரியில்லங்க” என்றான். பாய் அவன் காதில் சீறினார்.

“குடிய்யா! நீ குடிக்கலன்னா ஒம் பங்க நான் குடிச்சேன்னு நெனச்சிக்கப் போறாரு!”

ஹாஜியார் எங்களைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை பாயின் உதட்டிலேயே இருந்தது. பாய் தாடியைத் துடைத்தால் அவர் முன்னால் சாய்வார். பாய் இருமினால் குடையை இறுக்கிப் பிடிப்பார். இரண்டாவது வீட்டிலும் அதே கதைதான்.

கடைசி வீடு பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்தை ஒட்டி, தையல்காரி ரீட்டா அக்கா வீடு. அந்த வருஷ மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததால் அவர் ஜாடி போட்டதே தாமதம். கிறிஸ்துமஸோ நெருங்கிவிட்டது. நாங்கள் உட்கார்ந்ததும், பழைய ஜாடியில் மிச்சமிருந்த போன வருஷத்து ஒயினை, புது விருந்தாளி என்று ஒரு வெள்ளி டம்ளர் நிறைய ஊற்றி, ஹாஜியாருக்கு நேராக நீட்டிவிட்டார்.

வெளியே நாணலில் ஒரு நீர்க்கோழி கத்தியது.

“ரீட்டாம்மா! அவருக்கு டீ! டீ!” பாய் எழுந்தே விட்டார்.

“ஐயையோ, நீங்களும் இவர மாதிரியா?” என்றார் ரீட்டா அக்கா, கொஞ்சமும் அசராமல். “இந்த மனுசன் இத்தன வருஷமா வரார் ஹாஜியாரே. ஊருக்கே ஊத்திக் குடுக்க வெச்சுட்டு, தனக்கு மட்டும் சுக்கு டீ கேப்பார். இவரப் பாத்தாவது எம் வீட்டுக்காரர் திருந்துவாருன்னு நெனச்சேன். அவர் பாய் பங்கையும் சேத்துக் குடிக்கிறார்!”

ஹாஜியாரின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பா, கோபமா, சொல்ல முடியவில்லை.

பாய் புது ஜாடிக்குப் பக்கத்தில் குந்திக் காதை வைத்தார். வழக்கமாக அவர் கேட்க ஆரம்பித்தால் நாங்கள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். அன்று வைத்த வேகத்தில் எடுத்தார். “ஆயிடுச்சும்மா. நாளைக்கே வடிகட்டி பாட்டில்ல ஊத்திடுங்க. நாம கெளம்பலாம்.”

நானும் டேவிட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாய் அவசரப்பட்டு அன்றுதான் பார்க்கிறோம்.

“அவ்ளோதானா?” ஹாஜியார் குடையைச் சுவரில் சாய்த்தார். ஜிப்பாவைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். குல்லாவைச் சரிசெய்து, ஜாடியின் மறுபக்கத்தில், அடிவயிற்றுக்குப் பக்கமாகக் காதை வைத்தார். நேரம் போனது. சுக்கு டீ ஆறியது.

“ஓயல” என்றார்.

“ஓஞ்சிடுச்சே...”

“மேல ஓஞ்சிடுச்சு. அடில ஒருத்தன் பேசினே கீறான். தோலு ஊறுற தொட்டியக் கேட்டு வளந்த காது பாய் இது. மேல அமைதியா இருக்கும், ஆயிடுச்சுன்னு எடுத்தா தோலே வீணாப் பூடும். நீ மேல வெச்சிக் கேட்டுட்ட. கீய வெய்யி.”

பாய் மறுபடி காதை வைத்தார். ஒரு ஜாடி, இரண்டு பக்கமும் இரண்டு தாடி. ரீட்டா அக்காவின் கணவர் வாசலில் நின்றபடி என்னிடம் கிசுகிசுத்தார்: “குடிக்காமலே இவ்ளோ சண்ட போடறாங்களே சார், குடிச்சா தாங்குமா?”

பாய் நிமிர்ந்தார். முகம் வெளிறியிருந்தது. ஹாஜியாரை இறக்கிவிட்ட பிறகுதான் என்னிடம் சொன்னார், அந்த ஜாடியில் அவருக்கு முதலில் கேட்டதெல்லாம் தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம்தான் என்று. அந்த நேரத்தில், யாரையும் பார்க்காமல், ஜாடியைப் பார்த்துச் சொன்னார்:

“சம்பந்தி சொல்றதுதான் கரெக்ட்டும்மா. ரெண்டு நாள் வுடுங்க.”

சம்பந்தி. வாய் தவறி வந்துவிட்ட வார்த்தை. அந்தரத்தில் நின்றது. திரும்பப் பெறவும் வழியில்லை. பாயின் கை ஜாடியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

ஹாஜியார் கைக்குட்டையால் காதைத் துடைத்தார். குடையை எடுத்தார்.

“ரெண்டு நாள் பத்தாது சம்பந்தி” என்றார். “நாலு நாள் வுடச் சொல்லு. நான் வந்து கேக்கறேன்.”

டேவிட் தன் டானிக் மூடியை ஒரே மடக்கில் காலி செய்தான். நானும்தான். சதுப்பு நிலத்தின் மேல் பறவைக் கூட்டமொன்று காரணமில்லாமல் எழுந்து, வெயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இருந்த இடத்திலேயே வந்து இறங்கியது. அதற்கும் எங்களைப்போல் சந்தோஷம் தாங்க முடியவில்லை போலிருக்கிறது.

நிக்காஹ் பம்மல் மண்டபத்தில் நடந்தது. ஒயின் தேசமே திரண்டு வந்து பிரியாணி சாப்பிட்டது. பெண்ணை அனுப்பிவைத்த பிறகு, பாய் எங்கள் பந்தியில் வந்து உட்கார்ந்தார். கண் மகள் போன வாசலிலேயே இருந்தது, தட்டைத் தொடவில்லை. என் தட்டிலிருந்த பிரெட் அல்வாவை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். மெதுவாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.