பண்டாரவளைக்கு முன் மூன்று மலைகள்

மனைவியிடம் தோற்ற கணவன்மார் தங்கள் தோல்வியைத் தாங்களே சிரிக்கச் சிரிக்க எழுதுவது நம்மிடையே ஒரு வழக்கம். அந்தக் கதைகளில் மனைவி பக்கத்துக்குப் பக்கம் வருகிறாள். கரண்டியோடு வருகிறாள், புதுச் சேலை கேட்டு வருகிறாள், கடைசி வரியில் கணவனின் மூக்கை உடைத்துவிட்டுப் போகிறாள். இருந்தும் விடுபட்டுப் போகிறவள் அவள்தான். அவளுக்குப் பெயர் இராது. அவளுக்கு என்ன வேண்டும் என்பதை எந்தக் கணவனும் எழுதியதில்லை. பெரும்பாலும் அவன் அதைக் கேட்டதே இல்லை.

ஆகவே நான் எழுதுகிறேன். என் பெயர் பெற்றீசியா. பேராதனையில் புவியியல் படித்தவள். அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த லியனார்டின் மனைவி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது இந்தக் கதையில் சேராது. எனக்கு வேண்டியது ஒரு வேலை.

எழுபத்தெட்டாம் ஆண்டில் அந்த வேலை பண்டாரவளையில் இருந்தது. அங்கே ஒரு பெண்கள் பாடசாலையில் புவியியல் கற்பிக்க ஆள் தேடினார்கள். எங்கள் பங்குச் சாமியார் என் பெயரைச் சொல்லியிருந்தார். தங்குவதற்கு விடுதியில் ஓர் அறையும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் போய் அதிபரிடம் சம்மதம் சொல்ல வேண்டும். தவறினால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

செய்தியைக் கேட்ட என் கணவர் கோபப்படவில்லை. எனக்குச் சந்தேகம் அங்கேதான் பிறந்தது. அன்று பின்னேரம் அவர் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டில் இருந்த, தோட்டத்தில் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஜோர்ஜிடம் ஆலோசனை நடத்தினார். குசினி ஜன்னல் என்பது புகை வெளியே போவதற்கு மட்டும் உரியது என்பது அவருடைய எண்ணம்.

"வேணாம்னு சொல்லிற வேண்டியதுதானே, லியனார்ட்?"

"சொன்னா சாமியாருக்கு யாரு பதில் சொல்றது? ஞாயித்துக்கெழம அவரு மூஞ்சியில முழிக்கணுமில்ல?"

"அப்ப போகட்டும்னு விட்டுரு."

"விட்டுட்டு? எனக்கு யாரு சோறு போடுவா?"

"அதுவும் சரிதான்."

"நானே கூட்டிட்டுப் போறேன். நம்ம கார்லயே. வழியில மூணு மலை. ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி, 'ஐயோ சாமி, வீட்டுக்கே போயிருவோம்'னு அவ வாயால சொல்லணும். நான் கடைசி வரைக்கும் நல்லவனாவே இருந்துருவேன்."

"ஏறிட்டாங்கன்னா?"

"அவ படிச்ச பொம்பளப்பா. படிச்சவ எங்க மலை ஏறுவா?"

புவியியல் என்பது ஆறுகளுக்கு நீல வர்ணம் தீட்டுகிற கலை என்று என் கணவர் நம்பியிருந்தார். எங்கள் பேராசிரியர் ஒருவர் மழையிலும் அட்டைக்கடியிலும் எங்களை நக்கிள்ஸ் மலைத்தொடர் முழுவதும் ஏற்றி இறக்கியதை நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் அப்போது வானொலியில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அறிவிப்பு வெளியாயிற்று.

"பெற்றீசியா, ஒரு ரவுண்டு போவோம். தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை. நாட்டையே குறுக்கால வெட்டிக்கிட்டுப் போவோம். அங்கங்க கார நிப்பாட்டி மலை ஏறுவோம். வெள்ளக்காரத் தொரமாரெல்லாம் அப்புடித்தான் போவாங்க."

"சரிங்க."

"ஒரே ஒரு நிபந்தனை. யாரு மொதல்ல 'திரும்பிருவோம்'னு சொல்றாங்களோ, அவுங்க தோத்தாங்க. நீ சொன்னா கார் அட்டனுக்குத் திரும்பும். வேலைப் பேச்சு அதோட சரி."

"நீங்க சொன்னா?"

அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

"நான் சொன்னா நீ பண்டாரவளையிலயே இருந்துக்க."

"வேதப்புத்தகத்து மேல சத்தியமாவாங்க?"

"கொண்டா புத்தகத்த."

கொண்டுவந்தேன். கை வைத்தார். பிறகு நான் தலை குனிந்து ஒரு வேண்டுகோள் விடுத்தேன்.

"தலவாக்கலையில உங்க அக்கா இருக்காங்க. நுவரெலியாவுல உங்க சிநேகிதர் மத்தியாஸ். அவுங்க வாசலத் தாண்டிப் போனா என்ன நெனப்பாங்க?"

"போகாம எப்புடி?" என்றார் அவர். தன் மனிதர்கள்மீது எனக்கிருந்த பற்று அவரை உருக்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் மற்றொருவர் வீட்டுப் படியேறினால் உண்ணாமல் இறங்க முடியாது. மறுப்பது அவமதிப்பு. ஆண்கள் முதலில் உட்காருவார்கள். பெண்கள் பரிமாறுவார்கள், விசாரிப்பார்கள், வற்புறுத்துவார்கள், எல்லாம் ஓய்ந்த பின் மிஞ்சியதை உண்பார்கள். திருமணமான நாளிலிருந்து நான் இந்த வழக்கத்தைச் சபித்து வந்திருக்கிறேன். அதை ஓர் ஆயுதமாகப் பிடிக்கலாம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிறன்று பூசைக்கு வந்த அவருடைய அக்கா தெரேசாவை அட்டன் கோயில் வாசலில் பிடித்தேன்.

"அக்கா, புதன்கெழம வர்றோம். அவரு ஒண்ணும் வேணாம் வேணாம்பாரு. கூச்சம். நம்பிறாதீங்க."

"என் தம்பிய எனக்குத் தெரியாதா? எப்புடி எளச்சுப் போயிட்டான். நீ என்னத்தத்தான் போடுறியோ."

"அதாங்க்கா. நீங்கதான் பாத்துப் போடணும். மத்தியாஸ் அண்ணே வீட்டுலயும் ஒரு வார்த்த சொல்லிட்டா நல்லது."

"அவரு சம்சாரம் எமில்டாகிட்ட நான் சொல்லிர்றேன். நீ கவலப்படாத."

நான் கவலைப்படவில்லை.

புதன்கிழமை எங்கள் பழைய ஒஸ்டின் கார் புறப்பட்டது. என் கணவர் தொப்பி அணிந்திருந்தார், முழங்கால்வரை காலுறை, இடுப்பை இறுக்கிய தோல் பட்டி, முன்னொரு துரை விட்டுப்போன கைத்தடி. இமயத்தை விலை பேசப் போகிறவர்போல் இருந்தார். நான் சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, ரப்பர் அடிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன்.

தெரேசாவின் மேசையில் இடியப்பம், கோழிக் குழம்பு, அவித்த முட்டை, கட்லட், புடிங் எல்லாம் அணிவகுத்து நின்றன. இடையில் கை வைக்க இடமில்லை.

"இன்னும் ரெண்டு இடியப்பம், தம்பி."

"போதுங்க்கா. மலை ஏறணும்."

"மலை ஏறுறவனுக்குத்தான்டா பெலன் வேணும்."

"நெசமாவே முடியலக்கா."

"கூச்சப்படாத. அம்மா உசுரோட இருந்து வச்சா வேணாம்பியா?"

செத்துப்போன தாயைப் பந்திக்குக் கொண்டுவந்த பிறகு எந்தத் தமிழனாலும் இடியப்பத்தை மறுக்க முடியாது. அவர் உண்டார். தாயை நினைத்து உண்டார், அக்காவுக்குப் பயந்து உண்டார், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உண்டார். நான் குசினியில் நின்றபடியே அரை ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு ஒரு பிளேன்டீ குடித்தேன்.

கிரேட் வெஸ்டர்ன் மலைச்சரிவில் பாதித் தூரம்வரை தேயிலை. அங்கே பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவரின் துன்பம் வயிற்றில் இருந்தது. பரிகாரம் இடுப்புப் பட்டியில் இருந்தது. ஆனால் தொழிலாளிகள் பார்க்கும் இடத்தில் ஒரு பெரிய கிளாக்கர் இடுப்புப் பட்டியைத் தளர்த்துவது எப்படி? இறுக்கத்தோடும் பதவியோடும் ஏறினார். ஒரு கல்லின் அருகே இரண்டும் சேர்ந்து அவரை நிறுத்தின.

"ஐயாவுக்கு மூச்சு வாங்குதுங்களா?" என்று கேட்டாள் வீரம்மா என்கிற பெண், கூடையைத் தலையில் சரிசெய்தபடி.

"இல்ல. காட்சி பாக்குறேன்."

அவள் அவர் பார்த்த திசையைப் பார்த்தாள். "வெறும் பனிதானங்க மூடிக் கெடக்கு?"

"பனியத்தான் பாக்குறேன்."

கொழுந்துக்காட்டில் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவி மேலே ஏறியது. அவரைவிட வேகமாக ஏறியது. உண்மையைச் சொல்ல வேண்டும்: அவர் உச்சிக்கு வந்துசேர்ந்தார், அந்த ஒரு வார்த்தையையும் சொல்லவில்லை. பிடிவாதத்தில் அவர் எனக்கு ஏற்ற கணவர்தான்.

அன்றிரவு மத்தியாஸ் வீட்டு விருந்தை விவரிக்க மாட்டேன். அதை எதிர்கொண்டவர்மீது எனக்கும் இரக்கம் உண்டு. மறுநாள் காலை அவர் தற்காப்பில் இறங்கினார்.

"மச்சான், வயித்துக்குச் சரியில்ல. எனக்கு வெறும் பிளேன்டீ போதும்."

மத்தியாஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "எமில்டா, கேட்டியா? தெரேசாக்கா சொன்ன அதே மாதிரி சொல்றான் பாரு."

"கூச்ச சுபாவம், பாவம்" என்று எமில்டா பாற்சோற்றைப் பாளம் பாளமாக அவர் தட்டில் வைத்தாள்.

நாள் முழுதும் கணக்குக் கூட்டுகிற மனிதர். கூட்டினார். தலை மெல்ல என் பக்கம் திரும்பியது. அப்போது அவர் தன் வாழ்நாளின் மிகத் தந்திரமான காரியத்தைச் செய்தார்.

"பெற்றீசியா, நீயும் வந்து உக்காரு. சேர்ந்து சாப்புடுவோம்."

எட்டாண்டு மணவாழ்க்கையில் அந்த அழைப்பு எனக்கு அன்றுதான் வந்தது. மத்தியாஸின் கை நடுவழியில் நின்றது. எமில்டாதான் முதலில் தேறினாள்.

"நல்லா இருக்கே. அவுங்க எங்களோட பொறகு சாப்புடுவாங்க. நீங்க சாப்புடுங்க, அண்ணே."

"ஆமாங்க" என்றேன் நான், தரையைப் பார்த்தபடி. "நீங்க மொத சாப்புடுங்க. பொம்பளைங்க நாங்க பொறகுதானே."

அவ்வளவு அடக்கமாக நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

பீதுருதாலகால மலையில் அவர் உட்காராத வேர் இல்லை. இந்த நாட்டின் மிக உயர்ந்த இடத்தில் ஒரு மனிதர் அவ்வளவு தாழ்ந்து கிடந்ததை அந்த மலை அதற்கு முன் கண்டிருக்காது.

"ஏங்க, என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல."

"ஏதாச்சும் சொல்லணுமாங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

இறங்கி வந்து காரில் ஏறியதும் விசாரணை தொடங்கிற்று.

"நீதானே அக்காகிட்டச் சொன்ன?"

"என்னன்னுங்க?"

"எனக்குச் சாப்பாடு போடச் சொல்லி."

"புருசனுக்குச் சாப்பாடு போடச் சொல்றது ஒரு குத்தமா?"

இந்தக் குற்றத்துக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அவர் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"இனிமே எவன் வீட்டுலயும் கை நனைக்க மாட்டேன். நாளைக்கு வெறும் வயித்தோட ஏறுறேன். நீயும் ஒண்ணும் கட்டிக் கொண்டாராத. அப்ப தெரியும் யாரு திரும்புறாங்கன்னு."

"சரிங்க."

அன்றிரவும் மத்தியாஸ் வீட்டில்தான் தங்கினோம்; அவர் தலைவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை, எமில்டா அடுப்பு மூட்டுமுன்பே காரைக் கிளப்பினார். ஹக்கலையைக் கடந்தோம். வெலிமடையில் தேநீர்க் கடைகள் திறந்திருந்தன. ஒரு கடை வாசலில் வடை பொரிந்தது. அவர் தன் சபதத்தை நினைத்துக் கண்ணாடிகளை மேலே ஏற்றினார். வெலிமடைக்கு அப்பால் புல் மூடிய ஒரு செங்குத்து மலையை அவரே தெரிந்தெடுத்தார். அடிவாரத்தில் ஒரு சின்னத் தோட்டமும், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயமும் இருந்தன.

இந்த மூன்றாம் மலையில் நான் சூழ்ச்சி எதுவும் செய்யவில்லை. நடந்தேன், அவ்வளவுதான். வெயில் ஏறியது. பாதி வழியில் கீழே லயத்திலிருந்து காற்று ஒரு வாசனையைத் தூக்கிவந்தது.

"பெற்றீசியா."

"என்னங்க?"

"ரொட்டி சுடுறாங்க."

"ஆமாங்க."

"தேங்காப்பூ போட்ட ரொட்டி."

"அப்புடித்தான் தெரியுது."

"உனக்குப் பசிக்கலியா?"

"பசிக்குதுங்க."

"அப்பறம் எப்புடி நடக்குற?"

அவர் உண்மையாகவே கேட்டார். ஆகவே உண்மையாகவே பதில் சொன்னேன்.

"தெனமும் இப்புடித்தாங்க. நீங்க மத்தியானம் சாப்புட்டு, படுத்து எந்திரிச்சு, ஆபீசுக்குப் போன பொறகுதான் நான் தட்டு எடுக்குறது. பழகிப்போச்சு."

 அந்தச் செய்தி அவருக்குப் புதிது. ஒரே வீட்டில், ஒரே குசினியிலிருந்து, எட்டு ஆண்டுகளாக. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய வயிறு பேசிவிட்டது. அவர் அதை அப்படியே மொழிபெயர்த்தார்.

"திரும்பிருவோம்."

"எங்கங்க?"

"கீழ, லயத்துக்கு. சாப்புட்டுட்டு மறுபடியும் ஏறுவோம்."

"ஏறலாங்க. ஆனா சொல்லிட்டீங்க."

"நான் சொன்னது வேற திரும்புறது."

"வேதப்புத்தகத்துல ரெண்டு விதமாவாங்க சத்தியம் பண்ணினீங்க?"

அவர் கைத்தடியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், விறுவிறுவென்று கீழே இறங்கினார். மூன்று நாட்களில் அவர் காட்டிய முதல் வேகம் அது. நான் மேலே ஏறினேன். உச்சியிலிருந்து பண்டாரவளைக் கூரைகள் தெரிந்தன. அங்கே நின்று கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன், கேட்க ஆளில்லை.

நான் இறங்கி வந்தபோது பெரிய கிளாக்கர் லயத்து வாசற்கல்லில் உட்கார்ந்து விரல்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இடுப்புப் பட்டி மடியில் கிடந்தது. வீட்டுக்காரி ராசம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சுட்டதெல்லாம் ஐயா தின்னுட்டாருங்கம்மா. ஒங்களுக்கு இப்பத்தான் போடுறேன். உக்காருங்க."

"நேரமாச்சு, பெற்றீசியா" என்றார் என் கணவர். "பள்ளிக்கூடத்த மூடிறப் போறாங்க. சத்தியம் பண்ணிட்டேன், நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

"நான் சாப்புட்டு வர்றேங்க" என்றேன். "நீங்க கார்ல இருங்க."

அவர் காரில் இருந்தார்.

அன்று பின்னேரம் அதிபரிடம் சம்மதம் சொன்னேன். அடுத்த பள்ளித் தவணையில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்தாண்டுகளாக அங்கேதான் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் மாணவிகளை மலையேற்றுகிறேன். லியனார்ட் சமைக்கப் பழகிக்கொண்டார். சனிக்கிழமை ரயிலில் அவர் கொண்டுவரும் கோழிக் குழம்பில் உப்பு எப்போதும் சற்றுக் கூடுதல். அதைச் சொன்னால் முகம் வாடுகிறார், ஆகவே சொல்கிறேன். இப்போது நான் உப அதிபர். விடுதியில் மணி அடித்ததும் முதல் பந்தியில் உட்கார்ந்து சோற்றைச் சூடாகச் சாப்பிடுகிறேன்.