தொண்ணூறு நம்பர் ஆயில்

வண்டி விஷயத்தில் மட்டும் இனிமேல் பொண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று விருமாண்டி முடிவெடுத்தான். குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எடுத்த முடிவு. குழாயை வேறு திறந்துவிட்டிருந்தான். மனசுக்குள் நினைப்பது வெளியே கேட்டுவிட்டால் என்ன செய்வது?

ஒத்தக்கடையில் புருஷனும் பொண்டாட்டியுமாகப் பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தார்கள். அண்டா, குண்டான், தாம்பாளம், பந்திக்கு வாளி, கரண்டி, எல்லாம் உண்டு. இத்தனை நாளும் ஆட்டோவில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் புரோக்கர் கண்ணுச்சாமி மூலமாக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார்கள். அந்த வண்டி காலையில் எழுப்பினால் முதலில் இருமும். அப்புறம் புகை விடும். அப்புறம்தான் நகரும். கண்ணுச்சாமியும் ஏறக்குறைய அப்படித்தான்.

வாங்கும்போது பூனைக்குட்டி மாதிரி இருந்த இஞ்சின், வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் மாவு மில் மாதிரி கத்த ஆரம்பித்தது. நாகஜோதி நேரே கம்பெனி சர்வீஸுக்குப் போய், எந்த ஆயில் ஊற்றுவது என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

"பதினஞ்சு நாப்பது. டீசல் வண்டி ஆயில். சீல் வச்ச டப்பா. வேற எதையும் தூக்கிட்டு வந்துராதீங்க."

"சரி ஜோதி."

"என்னன்னு சொன்னேன்?"

"பதினஞ்சு நாப்பது."

நாகஜோதி திட்டுகிற ரகம் இல்லை. திட்டினால் தேவலை. திட்டு ஒரு இடத்தில் முடிந்துவிடும். அவள் சும்மா பார்ப்பாள். அந்தப் பார்வையில் விருமாண்டிக்குச் சட்டைப் பொத்தான் கூட ஒழுங்காகப் போட்டிருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஆயில் வாங்கப் போன வழியில் டீக்கடையில் கண்ணுச்சாமி உட்கார்ந்திருந்தார்.

"எங்க மாப்ள வேகமா?"

"ஆயில் வாங்க. பதினஞ்சு நாப்பது."

கண்ணுச்சாமி டீயைக் கீழே வைத்தார். இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டார்.

"யாரு சொன்னது?"

"வீட்ல."

"வீட்ல சாம்பாருக்குப் பருப்பு எம்புட்டுப் போடணும்னு சொல்லட்டும், கேட்டுக்க. ஆயில் ஆம்பள சமாச்சாரம். நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லு. மார்க்குல பதினஞ்சு பெருசா, தொண்ணூறு பெருசா?"

விருமாண்டி பள்ளிக்கூடத்தில் முப்பத்தஞ்சைத் தாண்டியதில்லை. அவனுக்குத் தொண்ணூறு என்பது அண்ணாந்து பார்க்க வேண்டிய எண்.

"தொண்ணூறுதான்."

"தொண்ணூறு நம்பர் ஆயில்னு ஒண்ணு இருக்கு. தேன் மாதிரி கெட்டி. வயசான இஞ்சினுக்கு அதை ஊத்தினா சத்தமும் கேக்காது, புகையும் வராது. கப்சிப்."

"ஜோதி டப்பாவைப் பாப்பாளே?"

அதற்கும் கண்ணுச்சாமியிடம் வழி இருந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பதினஞ்சு நாப்பது என்று பெரிதாக எழுதிய காலி டப்பா ஒன்றை எடுத்து, அதில் தொண்ணூறு நம்பர் ஆயிலை நிரப்பிக் கையில் கொடுத்தார். "வெளிய பதினஞ்சு, உள்ள தொண்ணூறு. யாருக்குத் தெரியப்போகுது?"

வாழ்க்கையில் முதல்முறையாக விருமாண்டி ஒரு ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். அது கனமாக இருந்தது. நாகஜோதி டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"சீல் எங்க?"

"கடைக்காரரு திறந்து காமிச்சாரு. நல்ல ஆயிலான்னு பாக்கணும்னு நான்தான் சொன்னேன்."

"பாத்தீகளா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"வாசமா இருந்துச்சு."

அவள் ஒரு பார்வை பார்த்தாள். டப்பாவை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். "கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தப்பித்தோம் என்று விருமாண்டி இரண்டு முறுக்கு தின்றான்.

மறுநாள் கொட்டாம்பட்டியில் பேயாண்டி வீட்டுக் காதுகுத்து. ஊரே சாப்பிட வரும். பாத்திரம் முழுக்க இவர்களுடையது. அந்தப் பேயாண்டியைப் பற்றி ஒரு கதை உண்டு. முன்பு ஒரு விசேஷத்துக்குப் பந்தல்காரர் தாமதமாக வந்தாராம். பந்தல் போட்டு முடித்ததும் முதல் பந்தக்காலில் பேயாண்டி அவரையே கட்டிவைத்தாராம். நிஜமோ பொய்யோ, விருமாண்டி அதை முழுசாக நம்பினான்.

காலையில் மெக்கானிக் சுருளி வந்து பழைய ஆயிலை இறக்கிவிட்டார். புது ஆயிலை நானே ஊற்றுகிறேன் என்று விருமாண்டி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டான். வாசலில் ஒரு கண், டப்பாவில் ஒரு கண். தேன் மாதிரி இறங்கும் என்றார் கண்ணுச்சாமி. இது சரசரவென்று இறங்கியது. உயர்ந்த ஜாதித் தேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

சுருளி கையைத் துடைத்தபடி பேச்சுக் கொடுத்தார்.

"வில்லாபுரத்துல ஒருத்தன்ணே, இதே மாதிரி வண்டி. எவனோ புரோக்கர் பேச்சைக் கேட்டு இஞ்சின்ல தொண்ணூறு நம்பரை ஊத்திட்டான்."

விருமாண்டியின் கையில் டப்பா காலியாகிவிட்டிருந்தது. "ஊத்தினா என்ன?"

"அது கியர் பாக்ஸுக்கு ஊத்துறதுண்ணே. இஞ்சினுக்குள்ள மேல ஏறாது. முதல்ல டொக்கு டொக்குன்னு தட்டும். அப்புறம் சிவப்பு லைட் எரியும். அப்புறம் மொத்தமா இறுகிப்போய் நடுரோட்டுல நின்னுரும். ஆயில் தப்பாப் போனா வண்டிக்கு ஆயுளே போச்சுண்ணே."

"அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"ஊத்தின ஆளு."

"அவன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே" என்று சுருளி பெருமூச்சு விட்டார். ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"வண்டியில ஏறுங்க, நேரமாச்சு" என்று உள்ளேயிருந்து நாகஜோதி குரல் கொடுத்தாள். பின்னால் அண்டாவெல்லாம் ஏற்றியாகிவிட்டது. இப்போது ஆயிலை இறக்க வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் பார்ப்பாள். விருமாண்டி ஏறி உட்கார்ந்தான். நாகஜோதி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவன் யானைமலை நரசிங்கப் பெருமாளை நினைத்துச் சாவியைத் திருகினான்.

வண்டி இருமவில்லை. புகையவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. சாகப்போகிறவர்கள் கடைசி நேரத்தில் தெளிவாகப் பேசுவார்களாமே.

நாலுவழிச் சாலையில் ஏறியதும் கேட்டது.

டொக்கு.

ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கினான். ஒரு சைக்கிள்காரர் இவர்களை முந்திப் போனார்.

"ஏன் இம்புட்டு மெதுவாப் போறீக?"

"பாத்திரம் நசுங்கிருமே ஜோதி."

டொக்கு, டொக்கு.

வண்டி எப்படியும் நிற்கப்போகிறது. நிற்கும்போது இவள் நல்ல மனநிலையில் இருந்தால் உயிராவது மிஞ்சும். இவள் கேட்டு நான் மறுத்தது என்னென்ன? யோசித்தான். நிறைய இருந்தது.

"ஜோதி, வண்டி நெத்தியில பேர் எழுதணும்னோம்ல. என் பேரு வேணாம். உன் பேரையே எழுதிருவோம்."

"நாகஜோதின்னா?"

"பெருசா."

அவள் ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்தாள். டோல்கேட் தாண்டியதும் மறுபடியும் தட்டியது. இந்த முறை டொக்கு மட்டும் இல்லை, டொய்ங் என்றும் ஒரு சத்தம். சுருளி சொன்னதில் டொய்ங் இல்லையே! நோய் முற்றிவிட்டது போலும்.

"ஜோதி, விசேஷம் முடிஞ்சு வர்ற பாத்திரத்தை நீயே கழுவி இடுப்பு வலிங்கிற. இனிமே நான் கழுவுறேன்."

"அடிப்பிடிச்ச அண்டாவா?"

"அடிப்பிடிச்சதுதான் எனக்குப் பிடிக்கும்."

"சாயங்காலம் கண்ணுச்சாமி அண்ணன்கூட டீக்கடைக்குப் போகணும்பீகளே?"

"அந்தாளு மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்." இதை மட்டும் மனதாரச் சொன்னான்.

மேலூர் தாண்டியது. வண்டி நிற்கவில்லை. நிற்காமல் போகப் போகத்தான் பயம் கூடியது. ஒவ்வொரு மைல்கல்லிலும் செத்துச் செத்துப் பிழைத்தான். கருங்காலக்குடி பக்கம் வரும்போது அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. நினைத்தபோதே வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்ததால் அதைச் சொல்லிவிட்டான்.

"ஜோதி, வண்டி ஓட்டக் கத்துக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தீல்ல? இந்தா, நீயே ஓட்டிப் பாரு."

நடுரோட்டில் இஞ்சின் இறுகினால் ஸ்டியரிங்கில் யார் கை இருந்தது என்பதுதானே கேள்வி? அவள் ஓட்டும்போது நின்றால் அவள் ஓட்டி நின்றது. பேயாண்டி கேட்டாலும் அதையே சொல்லலாம்.

லைசென்ஸ் இல்லையே என்று தயங்குவாள், அப்புறம் வற்புறுத்தி உட்காரவைக்கலாம் என்று நினைத்தான். நாகஜோதி கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து முன்னால் வைத்தாள். அவள் போட்டோ. அவள் பேர். லைசென்ஸ்.

"இது... எப்ப?"

"காலையில நடைப்பயிற்சி போறேன்னு போனேன்ல, அப்ப."

ஓரமாக நிறுத்தி இடம் மாறினார்கள். அவள் சாவியைத் திருகினாள். டேஷ்போர்டில் சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது.

"அய்யோ! எரியுது! எரியுது ஜோதி!"

"சாவி போட்டா எரியும். ஸ்டார்ட் ஆனா அணையும். இத்தன நாள் நீங்க பாத்ததே இல்லையா?"

அணைந்தது. வண்டி பறந்தது. விருமாண்டி அறுபதில் கண்ணை மூடினான். எழுபதில் கைப்பிடியைப் பிடித்தான். எண்பதில் குலசாமிக்குக் கிடாய் நேர்ந்துகொண்டான். பின்னால் டொக்கும் டொய்ங்கும் சேர்ந்து கச்சேரி நடத்தின. இஞ்சின் மட்டும் நிற்கவே இல்லை.

கொட்டாம்பட்டியில் பந்தலுக்கு முன்னால் லாவகமாகத் திருப்பி நிறுத்தினாள். வழியில் எங்கேயும் நிற்கவில்லை. விருமாண்டிக்கு உயிர் பாதி திரும்பியது. அப்போது அவள் சொன்னாள்.

"திரும்பி வரும்போது பாத்திரத்தை அழுத்திக் கட்டிட்டா இன்னும் கொஞ்சம் வேகமாப் போகலாம். பைபாஸ்ல நூறைத் தொடுதான்னு பாக்குறேன்."

அவ்வளவுதான். விருமாண்டி உடைந்துவிட்டான்.

"வேணாம் ஜோதி! நம்ம ரெண்டு பேரும் போய்ச் சேந்துருவோம்! அது பதினஞ்சு நாப்பது இல்ல. தொண்ணூறு! கண்ணுச்சாமி குடுத்தாரு. நான்தான் டப்பாவுல... என்னைப் பாக்காத, ஜோதி. அப்படிப் பாக்காத."

அவள் பார்க்கவில்லை. சிரித்தாள்.

"நேத்து டப்பாவைச் சாய்ச்சேன். உள்ள ஜவ்வு மாதிரி அசையவே இல்ல. அப்பவே கடைத்தெருவுக்குப் போய்ப் பதினஞ்சு நாப்பது வாங்கியாந்து அதுல மாத்தி ஊத்திட்டேன். உங்க ஆயிலை ஒரு பாட்டில்ல ஊத்தி கண்ணுச்சாமி அண்ணன் வீட்ல கொண்டுபோய்க் குடுத்தேன். 'இம்புட்டு நல்ல ஆயிலை நீங்களே உங்க வண்டிக்கு ஊத்திக்கங்கண்ணே'ன்னேன். 'அய்யய்யோ, என் வண்டிக்கு ஆகாதும்மா'ன்னு உள்ள ஓடிட்டாரு. விக்கும்போது இதையே ஊத்தித்தான் சத்தத்தை அமுக்கியிருக்காரு. வண்டி ஏன் பூனைக்குட்டியா இருந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?"

விருமாண்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

"அப்ப வில்லாபுரத்து ஆளு?"

"அப்படி யாரும் இல்ல. சுருளி அண்ணன்கிட்ட நான்தான் சொல்லச் சொன்னேன்."

"டொக்கு டொக்குன்னு கேட்டுச்சே?"

"குண்டானுக்குள்ள கரண்டியைப் போட்டிருக்கேன்ல."

"டொய்ங்?"

"தாம்பாளம்."

பயம் போன இடத்தில் மெல்ல ரோஷம் வந்தது. மூடியிருந்த கண்ணும், நேர்ந்த கிடாயும் நினைவுக்கு வந்தன. மார்பு விரிந்தது. கதவைத் திறந்து இறங்கினான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இங்க பாரு ஜோதி. பயத்துல ஆயிரம் சொல்லியிருப்பேன். எதுவும் செல்லாது. இந்த வண்டிக்கு முதலாளி யாரு, அதை முதல்ல முடிவு பண்ணுவோம்."

அந்த நேரம் பார்த்து, மீசையை முறுக்கிக்கொண்டு பந்தலிலிருந்து பேயாண்டி வந்தார். ஸ்டியரிங்கில் இருந்த நாகஜோதியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்க முதலாளியம்மா. சந்தோசம். முதப் பந்தியிலயே உக்காந்து சாப்பிடுங்க." பிறகு விருமாண்டி பக்கம் திரும்பினார். "ஏப்பா கிளீனரு, வாயைப் பாத்துக்கிட்டு நிக்காம அண்டாவை இறக்கு."