டிஷ்ஷா கேபிளா, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்

விசாரிப்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. போலீஸ்காரர்களைச் சொல்லவில்லை; அவர்கள் என்றைக்காவது ஒருநாள் விசாரணையை முடித்துவிடுவார்கள். நாம் பார்க்கப்போவது வேறு ரகம். சோப்பு வாங்கும் முன் நாலு பேரைக் கேட்பவர். அந்த நாலு பேரும் ஒரே சோப்பைச் சொல்லிவிட்டால், "எல்லாரும் ஒண்ணையே சொல்றாங்களே, இதுல ஏதோ இருக்கு" என்று ஐந்தாவது ஆளைத் தேடிப் போகிறவர். யாருமே கிடைக்காவிட்டால் தப்பான எண்ணுக்குப் போன் செய்த ஆளிடம்கூட, "அது கிடக்கட்டும் சார், நீங்க என்ன சோப்பு போடறீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்.

உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். எனவே கண்ணாடிக்காரர் என்று தெருவில் பெயர் வாங்கியவரையே எடுத்துக்கொள்வோம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. நாள் முழுக்க ஆட்களை இருட்டறையில் உட்காரவைத்து, மோவாயை மெஷினில் பொருத்தி, ஒரு வில்லையைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா? அது தெளிவா?" என்று கேட்பார். பதில் சொல்லக் கொஞ்சம் தயங்கினால் போதும். "இதுல என்னங்க யோசனை? எது தெரியுதோ அதைச் சொல்லுங்க!" என்று எரிந்து விழுவார். ஊருக்கெல்லாம் இப்படி முடிவெடுக்கக் கற்றுக்கொடுக்கும் மனிதர், புது வீட்டுக்குக் குடிவந்தபோது தொடங்கிய மழைக்காலம் முடிந்து வெயிலும் ஏறிய பிறகு, டிவிக்கு டிஷ் வைப்பதா, கேபிள் இழுப்பதா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

டிவி என்னவோ வந்துவிட்டது. ஹால் சுவரில் நடுநாயகமாக மாட்டியும் ஆயிற்று. தினமும் காலையில் கண்ணாடி துடைக்கும் துணியால் அதைப் பளபளவென்று துடைத்து, அந்தக் கறுப்புத் திரையில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போவார். டிவியால் அந்த வீட்டுக்கு அதுவரை கிடைத்த பலன் அவ்வளவுதான்.

கடைக்குப் போனால் விசாரணை சூடு பிடிக்கும். மோவாயை மெஷினில் கொடுத்துவிட்ட மனிதன் எங்கே ஓடுவான்? "இது தெளிவா, அது தெளிவா? சரி, உங்க வீட்ல டிஷ்ஷா, கேபிளா?" மழை பெய்தால் டிஷ் படம் நின்றுபோகும் என்பார் ஒருவர். வீட்டுக்கு வந்ததும் "டிஷ் வேண்டாம்." தெருவில் பள்ளம் தோண்டினால் கேபிள் அறுந்துபோகும் என்பார் இன்னொருவர். மறுநாள் "கேபிள் வேண்டாம்." மழையும் பெய்யாமல் பள்ளமும் தோண்டாமல் ஒரு வருஷம் போகுமா என்று விசாரிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அவர் மனைவி வாய் திறப்பது குறைவு, கண் திறந்து பார்ப்பது அதிகம். இப்படிப்பட்ட மனிதர் தன்னை எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது அவளுக்கு இன்றுவரை ஆச்சரியம். அன்றைக்கு இன்னொருத்தரைக் கேட்க நினைத்து, பஸ்ஸைத் தவறவிட்டிருக்க வேண்டும்.

டிவி இல்லையே என்று அவள் கவலைப்பட்டதும் இல்லை, தங்கை போன் செய்யும்வரை.

தங்கை பஸ் கண்டக்டர். அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் கூச்சம். தங்கை சின்ன வயதில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடுவாள், அக்கா துண்டோடு வெளியே நின்று கேட்பாள். அந்தத் தங்கை யாருக்கும் சொல்லாமல் பாட்டுப் போட்டியில் சேர்ந்து அரையிறுதி வரைக்கும் போய்விட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் காட்டுகிறார்களாம்.

"ஜெயிச்சியாடி?"

"சொல்லமாட்டேன். நீ பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு. நீ பாக்கறேன்னு நெனச்சுக்கிட்டுத்தான்க்கா பாடினேன். இல்லேன்னா எனக்கு வாயே வந்திருக்காது."

அன்று மாலை அவள் கணவரிடம் விஷயத்தைச் சொல்லி, "ஏங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஏதாவது ஒண்ணு போட்டுடலாங்க" என்றாள்.

"ஏதாவது ஒண்ணா?" என்று திடுக்கிட்டார் கண்ணாடிக்காரர். "அப்படிச் சொன்னா எப்படி? நாளைக்கே ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

பார்த்தார். எப்படித் தெரியுமா? டிஷ்காரரையும் கேபிள்காரரையும் சனிக்கிழமை மத்தியானம் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி, ஹாலில் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "நீங்க கேபிளோட பெருமையைச் சொல்லுங்க. அண்ணன் டிஷ்ஷோட பெருமையைச் சொல்லட்டும். யாரு மடங்கறாங்கன்னு பாப்போம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டு மொட்டை மாடிக்கு இருவரும் தனித்தனியே எத்தனையோ தடவை ஏறி இறங்கியவர்கள். துணி காய்ந்துகொண்டிருந்த ஜன்னலருகே நின்ற மனைவி, இருவர் கண்ணிலும் ஒரே எண்ணம் ஓடுவதைக் கண்டாள்.

கேபிள்காரர்தான் முந்திக்கொண்டார். "சார், உள்ளதைச் சொல்லிடறேன். டிஷ்ஷுன்னா டிஷ்ஷுதான். அண்ணன்கிட்டயே போட்டுக்கங்க."

டிஷ்காரர் பதறிப்போனார். "சேச்சே! தம்பி பக்கத்துத் தெரு. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும். கேபிளே போடுங்க சார்."

"இல்லண்ணே, உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணாரு."

"பரவால்ல தம்பி, வெச்சுக்க."

சுடுபாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல அவரை இங்கும் அங்கும் தள்ளிவிட்டு, வெளியே வந்து, இருவரும் ஒரே பைக்கில் ஏறினார்கள். அவள் படியிறங்கி ஓடினாள். "தம்பி, நாளைக்கு ஒருநாளாவது..."

"தப்பா நினைக்காதீங்கக்கா," என்றார் கேபிள்காரர். "போன தடவை என்னை ஏணியில நிக்க வெச்சுட்டு யாருக்கோ போன் போட்டு, 'எதுக்கும் ஒரு வார்த்தை'ன்னு ஆரம்பிச்சாரு. கால் மரத்துப்போச்சு. இந்த வீடு மட்டும் வேணாம்க்கா."

மேலே வந்தால், கண்ணாடிக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை. "பாத்தியா? அவனவன் சரக்கை அவனவனே வேண்டாங்கறான்! நல்லவேளை, அவசரப்பட்டுப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

பக்கத்து வீட்டு டீச்சரிடம் போய்க் கெஞ்சினால் டிவி பார்க்கலாம். அதற்கே அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. இவரும் கூட வருவார். வந்து, திரைக்கு முன்னால் நின்று, "டீச்சர், இது டிஷ்ஷா, கேபிளா? மழைக்கு எப்படி?" என்று தொடங்கினால், தங்கை பாடி முடித்துப் பஸ் ஏறியே போயிருப்பாள்.

ஞாயிறு சாயங்காலம், சட்டையை மடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல அவள் சொன்னாள்: "நம்ம தெருக் கடைசி வீட்டுக்காரர் ரெண்டுமே வெச்சிருக்காராம். டிஷ்ஷும் கேபிளும்."

பச்சைப் பொய். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே அவளுக்குத் தெரியாது.

"ரெண்டுமா! ஒரே வீட்லயா! இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?" செருப்பில் பாதிக் கால்தான் நுழைந்திருந்தது. அதற்குள் அவர் தெருவில் இருந்தார்.

டீச்சர் வீட்டுக்குள் அவள் தயங்கி நுழைந்தபோது, சோபாவில் இன்னொரு பெண்ணும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களும் டிவி பாக்கத்தான் வந்தீங்களா?" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "நாங்க கடைசி வீடுங்க. எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா விசாரிச்சுக்கிட்டு இருக்காரு."

கண்ணாடிக்காரரின் மனைவிக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. அடுத்த கணம் நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. இனி என்ன பயம்? அங்கே விசாரிக்கிற இரண்டு வீட்டுக்காரர்களும் இப்போதைக்கு எழுந்திருக்கப்போவதில்லை. அவள் காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்தாள்.

தங்கை வந்தாள். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். முதல் வரியில் குரல் கொஞ்சம் தடுமாறியது. அப்புறம் கதவைத் திறந்துவிட்டதுபோல வந்தது பாருங்கள், டீச்சர் தன் கையிலிருந்த விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"யாருங்க இந்தப் பொண்ணு? இப்படிப் பாடுது!"

"என் தங்கச்சி!" அந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அவளே தன் குரலைக் கேட்டுப் பயந்துபோனாள். தங்கை ஜெயித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு இறுதிச் சுற்று.

போனில் அக்காவும் தங்கையும் அழுது சிரித்து முடித்து வெகுநேரம் கழித்துத்தான் கண்ணாடிக்காரர் வந்தார்.

"ரெண்டும் இருக்குன்னு உனக்கு எவன் சொன்னான்? அங்க ரெண்டுமே இல்ல. ஆனா என்ன மனுஷன் தெரியுமா! எவ்வளவு விஷயம் கையில வெச்சிருக்காரு! பேசி முடியல. அடுத்த ஞாயித்துக்கெழமை அவரை இங்க வரச்சொல்லியிருக்கேன்."

"இங்க எதுக்குங்க? நீங்களே அங்க போயிடுங்க. சாயங்காலமே போங்க. நிதானமா, ஒண்ணுவிடாம கேட்டுட்டு வாங்க."

கண்ணாடிக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "இப்பத்தான்மா உனக்கும் விசாரிக்கறதோட அருமை புரியுது."

இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. நமக்கு இந்த வியாதி இல்லை என்று நிம்மதியும் பட்டிருப்பீர்கள். ஆனால் அதை நீங்களாகவே தீர்மானித்தீர்களா, இல்லை, "ஏம்மா, நான் அப்படியா?" என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்தீர்களா? கொடுத்துவிட்டீர்களா? என்ன பதில் வந்தது? அதைச் சரியென்று நம்பிவிட முடியுமா என்ன? எதற்கும் இன்னொருவரைக் கேட்டுவிடுங்கள்.