ஏழாவது கட்டத்துக்கு ஓர் ஆள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அத்தையும் அப்படியே இருக்க வேண்டும். குறிப்பாக நீங்களும் உங்கள் நாற்காலியும் வரும் செவ்வாய்க்கிழமை வரையாவது அசையாமல் இருக்க வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். கோப்பு என்று நினைத்து மேசை ஓரத்தில் ஒதுக்கிவிடாமல் படிக்கவும்.

முதலில் வாழ்த்து. இரண்டு வருடம் கூட்டம் போட்டு நீங்கள் எழுதிய 'தூய உற்பத்தி ஊக்கத் திட்டம்' எங்கள் பட்டறைக்கு வந்து, தன் வேலையை முடித்துவிட்டது. அது வருவதற்கு முன்னால் நாங்கள் சுத்தமாக இருந்தோம்.

நீங்கள் சிபாரிசு செய்த இடம்தான், மறந்திருக்க மாட்டீர்கள். பித்தளைத் தண்ணீர்க் குழாய்களுக்கு நிக்கல் முலாம் பூசும் பட்டறை, நாற்பது பேர். நான் ஆய்வு உதவியாளன். தொட்டித் தண்ணீரைச் சோதிப்பதும் தினமும் காலையில் மீட்டர் பார்த்து நோட்டில் எழுதுவதும் என் வேலை. மேற்பார்வையாளருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'சொட்டு'. இருபத்திரண்டு வருடமாக அங்கே இருக்கிறார். குழாய்களை மாட்டி முலாம் தொட்டியில் முக்கித் தூக்கிய இரும்புச் சட்டத்தை அப்படியே அலசக் கொண்டுபோக விடமாட்டார். தொட்டிக்கு மேலேயே பிடித்தபடி இருபது வரை எண்ண வேண்டும். "சொட்டட்டும்டா, சொட்டட்டும். என்ன அவசரம், பின்னாடி பேய் துரத்துதா?" என்பார். அலசுவதற்கு மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீர் மூன்றாவதில் மட்டும் விழும், அது வழிந்து இரண்டாவதுக்குப் போகும், அங்கிருந்து முதலாவதுக்கு, முதலாவதில் சேர்ந்த நிக்கல் தண்ணீர் திரும்ப முலாம் தொட்டிக்கே. இந்த இணைப்பையெல்லாம் அவர் காயலான் கடைக் குழாய்த் துண்டுகளை வைத்துத் தானே போட்டார். எந்த அரசாங்கமும் அவரைக் கேட்கவில்லை, யாரும் கூட்டம் போடவில்லை. பக்கத்துப் பட்டறை ஒரு நாளில் சாக்கடையில் விடும் தண்ணீரை நாங்கள் ஒரு வாரம் வைத்துக்கொள்வோம்.

அப்புறம்தான் உங்கள் படிவம் வந்தது. முந்தைய ஆறு மாதத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு சதவீதம் தண்ணீர் குறைந்ததோ அவ்வளவு மானியம், அதற்கு மேல் ஒரு கேடயம். பத்து வருடமாக ரப்பர் குழாயைத் தரையில் போட்டு ஓடவிட்ட பக்கத்துப் பட்டறைக்காரர், ஒரு நாள் போய் அதை மூடினார். அறுபது சதவீதம். மேடையில் ஏறிக் கேடயம் வாங்கினார், பத்திரிகையில் படம் வந்தது. நாங்கள் தலைகீழாக நின்று இரண்டு சதவீதம் காட்டினோம். உங்கள் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வந்த கடிதத்தில் 'சுற்றுச்சூழல் அக்கறை போதவில்லை' என்றிருந்தது. கையெழுத்து உங்களுடையது. அம்மா அதைப் பார்த்து, "தம்பி கையெழுத்து இன்னும் அழகாத்தான் இருக்கு" என்றாள்.

மேலாளர் ஓர் ஆலோசகரை வரவழைத்தார். அவர் தொட்டிகளைச் சுற்றி வந்தார், இணைப்புகளைப் பார்த்தார், முகம் வாடிப்போனார்.

"உங்க பிரச்சினை என்னன்னா சார், நீங்க ரொம்பச் சுத்தமா இருக்கீங்க."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா குறைக்க ஒண்ணுமே இல்லையே. ஒல்லியா இருக்கிறவன் எப்படி சார் இளைச்சுக் காட்டுவான்? முதல்ல தின்னு கொழுக்கணும்."

அப்படித்தான் மாமா எங்களுக்கு ஆறு மாதக் கொழுப்பு வைத்தியம் ஆரம்பித்தது. தொட்டிகளுக்கு நடுவே இருந்த இணைப்பைக் கழற்றினார்கள், ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனிக் குழாய், மூன்றும் முழுதாகத் திறந்தபடி. சொட்டண்ணன் தடுத்துப் பார்த்தார், அவரைக் கிடங்கில் பெட்டி எண்ண அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர் பழக்கிய கைகள் கேட்கவில்லை. சட்டத்தைத் தூக்கினால் தொட்டிக்கு மேலேயே நிற்கிறது. மேலாளரே வந்து நின்று, "எண்ணாதே!" என்று கத்தினார்.

"எண்ணல சார், மூச்சு விடுறேன்" என்றாள் அலசும் தொட்டியில் நிற்கும் அக்கா.

"இருபது மூச்சா விடுவே?"

"பத்தொம்பதோட நிறுத்தினா செத்துருவேனே சார்."

அது போதாதென்று, வெளியே போகிறவர்களெல்லாம் போகிற போக்கில் குழாயை மூடிவிட்டுப் போனார்கள், அதுவும் பழக்கம்தான். கடைசியில் மேலாளர் குழாய்களின் கைப்பிடிகளைக் கழற்றித் தன் மேசை இழுப்பறையில் பூட்டினார். ஒரு நாளைக்கு எண்ணூறு குழாய் வெளியே அனுப்புகிற பட்டறையில், எங்கள் குழாய் ஒன்றையும் மூட முடியாது.

இரண்டாவது வாரமே சாக்கடை நிரம்பித் தெருவுக்கு ஏறியது. காவலாளி வளர்க்கும் வெள்ளை நாய்க்கு நாலு காலும் முட்டி வரை பச்சை. கேட்டவர்களிடம் அவர் வெளிநாட்டு ஜாதி என்று சொன்னார், ஒருவர் குட்டி கேட்டு வைத்திருக்கிறார். பின்பக்க வரிசை வீடுகளின் அடிகுழாயில் தண்ணீர் கசந்தது, பெண்கள் குடத்தோடு வந்து வாசலில் நின்றார்கள். மேலாளர் கைகூப்பிக்கொண்டு, "ஆறு மாசம் பொறுத்துக்குங்கம்மா, அரசாங்கத் திட்டம்" என்றார். "என்ன திட்டம்?" "சுத்தப்படுத்துற திட்டம்மா." குடத்தை இடுப்பில் ஏற்றியபடி ஒருத்தி சொன்னாள்: "அடியாத்தி, இது சுத்தப்படுத்துறதா! அசுத்தப்படுத்துற திட்டம் வர்றதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடணும்." அவளுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அன்று காலை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினேன், மறுநாளும் எழுதினேன். இதில் வேடிக்கை என்ன தெரியுமா மாமா? நான் எழுதியதில் ஒரு பொய் கிடையாது. நூற்றெண்பது நாளும் சுத்தமான, சரியான, நீங்கள் நேரில் வந்து தடவிப் பார்த்துக்கொள்ளக்கூடிய உண்மை.

ஏழாவது மாதம் பழைய இணைப்பைத் திரும்ப மாட்டினார்கள், கைப்பிடிகள் இழுப்பறையிலிருந்து விடுதலையாயின, மேலாளரே வந்து, "எண்ணுங்கப்பா, நல்லா எண்ணுங்க, அவசரமில்லே" என்றார். எழுபத்தொரு சதவீதம் குறைந்தது! உங்கள் அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம். கையெழுத்து அதே அழகு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாராட்டு வந்தாலும் மானியம் வர நிரப்ப வேண்டிய உங்கள் படிவத்தில் ஏழாவது கட்டம் ஒன்றிருக்கிறது. 'முந்தைய விரயத்துக்குக் காரணம். அதை நீக்க எடுத்த நடவடிக்கை.' கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் செல்லாது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். மேலாளர் ஒரு மத்தியானம் முழுக்கப் பேனாவைக் கடித்தார். இயந்திரக் கோளாறு என்று போட்டால் பழுதுபார்த்த ரசீது கேட்பார்கள், குழாய் உடைப்பு என்றால் புகைப்படம். அலுவலக எழுத்தர் தலையைத் தூக்காமலே, "மனுஷன்னு போடுங்க சார். மனுஷனுக்கு ரசீது கேட்க மாட்டாங்க" என்றார். போட்டுவிட்டார்கள். காரணம்: மேற்பார்வையாளரின் அலட்சியம். நடவடிக்கை: பணிநீக்கம். செவ்வாய்க்கிழமை உங்கள் குழு அதை ஏற்றுக்கொண்ட அன்றே ஆணை அமலுக்கு வரும்.

சொட்டண்ணன் நேற்று சாயங்காலம் பட்டறையின் சோதனை அறைக்கு என்னைத் தேடி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"தம்பி, மாமா அந்த ஆபீஸ்லதானே இருக்காரு?"

"ஆமாண்ணே."

"வேலை போனாப் போகுது. வேற பட்டறைக்குப் போய்க்குவேன். ஆனா அந்தக் காகிதத்துல நான் தண்ணியை வீணாக்கினவன்னு இருக்கே, அதைக் காட்டினா எவன்டா என்னை உள்ள விடுவான்? அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொல்லு."

பேசிக்கொண்டிருக்கும்போதே சோதனை அறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டார். "நீயெல்லாம் ஒரு ஆய்வு உதவியாளன்" என்று கால் மணி நேரம் திட்டிவிட்டுப் போனார்.

மாமா, நீங்கள் ஒரே ஒரு நாள், காலணி நனையாமல் திரும்பலாம் என்ற உத்தரவாதத்தோடாவது, ஒரு பட்டறைக்குள் வந்திருந்தால் இந்தப் படிவம் இப்படி வந்திருக்காது. ஏற்கெனவே குறைத்தவனுக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று உங்கள் கூட்டத்தில் இருந்த பதினாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொட்டினவனுக்குக் கேடயம், சேமித்தவனுக்குச் சீட்டுக் கிழிப்பு. இதற்குத் 'தூய' என்று நீங்கள் தைரியமாகப் பெயர் வைத்தீர்களே, அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமை குழு உட்காருவதற்குள் ஏழாவது கட்டத்தை ரத்து செய்து ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரு வரி போதும். இதை நீங்கள் செய்யவில்லை என்றால் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை குழுவின் முன்னால் நானே எழுந்து நின்று நடந்ததையெல்லாம் சொல்லிவிடுவேன். வேலை போனால் போகட்டும்.

அத்தைக்கு என் வணக்கம். பரீட்சைக்குப் படிக்கும் பெரியவளுக்கு என் அன்பும், படிக்காத சின்னவனுக்கு இரட்டிப்பு அன்பும். உங்களை வாழ்த்த எனக்கு வயதில்லை, திட்ட உரிமை இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள்.

கோபத்துடனும் மரியாதையுடனும்,
உங்கள் அக்கா மகன்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார். சொட்டண்ணனின் இடத்தைக் காலியாக வைக்க உங்கள் திட்டத்தில் இடமில்லையாம், 'தூய உற்பத்திப் பொறுப்பாளர்' என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டுமாம். தனி அறை, ஒன்றரை மடங்குச் சம்பளம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் யோசித்துவிட்டேன். ஏழாவது கட்டத்துக்குக் கீழே சாட்சிக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆகவே இந்த வருடம் படிவத்தில் எதையும் தொட வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம். ஆனால் அடுத்த வருடமும் சதவீதம் காட்ட வேண்டுமென்று ஆலோசகர் திங்கட்கிழமை மறுபடி வருகிறார். குழாய்களைத் திறந்துவிடும் பொறுப்பு இனி என்னுடையது. அடுத்த வருடப் படிவம் அச்சுக்குப் போவதற்குள் தயவுசெய்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் மாமா. குடும்பத்தில் ஒருவன் பெயர் அதில் வந்தால் உங்களுக்கும் அசிங்கம்.