முறிந்த ஸ்டட்டும் மூத்த மாப்பிள்ளையும்

எனக்குப் புத்தி கொஞ்சம் மட்டு. இதை நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் மரியாதையாக இருக்காது. கையில் ஒரு ஸ்பேனர் கிடைத்துவிட்டாலோ, இருக்கிற கொஞ்சமும் போய்விடும். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவன். கடல் கொற்கையை விட்டு எப்படி விலகிப் போனது என்று ஒன்றரை மணி நேரம் பேசுவேன் (பையன்கள் தூங்கினாலும் பேசுவேன்). ஆனால் கார் எஞ்சினைப் பற்றி நான் கற்றதெல்லாம் செல்போனில் பார்த்த ஒரு பதினோரு நிமிட வீடியோவில்தான். அதிலும் கடைசி மூன்று நிமிடத்தைப் பார்க்கவில்லை. விஷயமே அந்த மூன்று நிமிடத்தில்தான் இருந்திருக்கிறது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் என் மச்சினிக்குக் கல்யாணம். மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதால், பெண்ணின் உடன்பிறந்தவன் செய்யவேண்டிய காரியமெல்லாம் மூத்த மாப்பிள்ளையான எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், திங்கட்கிழமை மறுவீடு. பாளையங்கோட்டைக்குப் போய்ப் புதுமாப்பிள்ளையையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு, பத்தரைக்கு எமகண்டம் தொடங்குமுன் டவுனில் மாமா வீட்டுப் படியேற வைத்துவிட வேண்டும். மதியம், தேங்காய்ப் பாலில் வைக்கிற சொதிக் குழம்போடு சாப்பாடு. வாடகைக் கார் கூடாது, தன் காரில்தான் அவர்கள் வரவேண்டும் என்பது மாமாவின் ஆசை.

மாமா ஓய்வுபெற்ற தாசில்தார். அந்தப் பழைய வெள்ளைக் காரை அவரைத் தவிர வேறு யாரும் ஓட்டியது கிடையாது. கல்யாண மண்டபத்திலிருந்து திரும்பியதும் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "நாளைக்கு நீரே போய்க் கூட்டிட்டு வந்திரும் மாப்ளே" என்றார். தன் மகளை எனக்குக் கொடுத்தபோதுகூட அவர் அவ்வளவு நம்பிக்கையோடு கொடுக்கவில்லை.

எல்லோரும் உண்ட களைப்பில் படுத்துவிட்டார்கள். நான் ஒத்திகை பார்க்க வண்டியைக் கிளப்பினேன். முன்பக்கத்திலிருந்து டப், டப் என்று ஒரு சத்தம். சம்பந்தி வீட்டு வாசலில் போய் இப்படி நின்றால் மாமாவின் கௌரவம் என்னாவது?

பானெட்டைத் திறந்தேன். எஞ்சினின் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்பும் இரும்புக் குழாய் ஒன்று உண்டு, மேனிபோல்டு என்பார்கள். அதை எஞ்சினோடு சேர்த்துப் பிடித்திருப்பவை ஸ்டட் எனப்படும் தலையில்லாத போல்ட்டுகள். அதில் ஒன்றின் நட்டு தளர்ந்திருந்தது. இவ்வளவுதானா! டிக்கியிலிருந்த ஸ்பேனரை எடுத்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுக் கிளப்பிப் பார்த்தேன். சத்தம் நின்றுவிட்டது. (இங்கேயே நானும் நின்றிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது.) வண்டியை அணைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறுக்கு.

டிக்.

நட்டு பாதி ஸ்டட்டோடு கையில் வந்துவிட்டது. மீதி ஸ்டட் எஞ்சினுக்குள்ளிருந்து அரை அங்குலம் எட்டிப் பார்த்தது. குறட்டால் பிடித்துத் திருகினேன், அசையவில்லை. சத்தம் கேட்டு அத்தை எழுந்து வந்தார்கள்.

"என்ன மாப்ளே, இந்த வெயில்ல?"

"ஒரு ஆணி துருப்பிடிச்சிருக்கு அத்தை. கழல மாட்டேங்கு."

"அதுக்கென்ன, கதவுக் கீலுக்கு விடுத மாதிரி ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுங்க" என்று, குத்துவிளக்குக்கு வைத்திருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். அத்தை சொன்னது ரெண்டு சொட்டு. நான் ஊற்றியது கிண்ணம். கொதிக்கிற மேனிபோல்டில் விழுந்த எண்ணெய் தெருவையே மறைக்கும்படி புகைந்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி மாடியிலிருந்து குரல் கொடுத்தார்: "என்ன வே, மறுவீட்டுக்கு இன்னைக்கே பலகாரம் சுடுதியளா?"

ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்தேன். நாலாவது அடியில் அந்த அரை அங்குலமும் போய், ஸ்டட் எஞ்சினோடு சமமாகிவிட்டது. இப்போது பிடித்துத் திருக அங்கே ஒன்றுமே இல்லை.

ஞாயிறு மதியம் டவுனில் ஒரு பட்டறையும் திறந்திருக்காது. மேலப்பாளையத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வண்டியை அங்கே விரட்டினேன். டப் டப் இப்போது டமார் டமாராகியிருந்தது. கொக்கிரகுளம் பாலத்தில் போகும்போது, கீழே ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் முகத்துச் சோப்போடு நிமிர்ந்து பார்த்தார்கள்.

அங்கே முதலில் கண்ணில் பட்டது அசன் பாய் பட்டறை. வண்டி உள்ளே நுழைந்ததுமே, "இது தாசில்தார் ஐயா வண்டில்லா?" என்றார் அவர். மாமா வழக்கமாக வண்டி விடும் பட்டறையைத்தான் தேடிப் பிடித்திருக்கிறேன்!

"நான் அவங்க மூத்த மாப்பிள்ளை" என்றேன். அந்தப் பதவி எனக்கு எப்போதுமே அவ்வளவு சின்னதாகத் தெரிந்ததில்லை.

பாய் எஞ்சினுக்குள் குனிந்து மோந்து பார்த்தார். "என்ன எண்ணெய் ஊத்துனிய?"

"நல்லெண்ணெய்."

"வெளக்குப் போட்டுக் கும்புட்டியளோ? சரி, கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு நின்னிருக்குமே, அதை என்ன செஞ்சிய?"

"சுத்தியலால லேசா..."

"லேசா" என்று அவரும் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

"பாய், மாமாவுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது. நாளைக்குக் காலையில மறுவீடு."

"ஒரு நிமிஷம் இரிங்க" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. டீக்குத்தான் போன் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனிபோல்டைக் கழற்றினார். முறிந்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாக இரண்டையும் சேர்த்து வெல்டிங் வைத்தார். அது சிவந்து, ஆறும்வரை காத்திருந்து, ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். நட்டு மட்டும் கழன்று வந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் நட்டுதான் வந்தது. இதுவும் சரிவராவிட்டால் எஞ்சின் தலையையே கழற்ற வேண்டும், மூன்று நாளாகும் என்றார். திங்கட்கிழமை மூன்று நாளுக்குக் காத்திராதே!

"பாய், ஒரு வீடியோவுல..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, இந்த டார்ச்சைப் பிடிங்க."

"எங்க பாத்துப் பிடிக்கணும்?"

"ஒங்க காலைப் பாத்து."

மூன்றாவது நட்டு. இந்தத் தடவை கொஞ்சம் இறுக்கினார், கொஞ்சம் தளர்த்தினார். "பைய... பைய..." என்று அழுகிற குழந்தையைத் தட்டிக் கொடுப்பதுபோல அதனோடு பேசினார். கீச்சென்று ஒரு சத்தம். ஸ்டட் மெல்லத் திரும்பி, திரும்பி, வெளியே வந்தது. நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் கல்யாணச் சட்டை முழுக்கக் கிரீஸ்.

பொழுது சாய வீடு திரும்பியபோது மாமா வாசலில் நின்றார். "காத்து அடிக்கப் போனேன் மாமா" என்றேன். கிரீஸைப் பார்த்தார். "சரி" என்று சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை சாவி எனக்குக் கிடைக்காது என்றுதான் நினைத்தேன். மாமா வந்தார். நேற்றுப் போலவே என் உள்ளங்கையில் வைத்தார்.

பத்துப் பத்துக்கெல்லாம் வண்டி டவுனுக்குள் நுழைந்துவிட்டது. சத்தமே இல்லை. ஆனால் வழியில் புதுமாப்பிள்ளை மூக்கை உறிஞ்சி, "என்ன அண்ணாச்சி, வண்டிக்குள்ள முறுக்கு வாசம் அடிக்கி?" என்றார். பந்தியில் எதிர்வீட்டு அண்ணாச்சி மீதிக் கதையைச் சொல்ல, இலைக்கு இலை சிரிப்பு. மாமா மட்டும் சிரிக்கவில்லை. என் இலையில் இன்னொரு கரண்டி சொதி விட்டு, "சாப்பிடும்" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அசன் பாய்தான் ரகசியத்தை உடைத்தார். அன்றைக்கு அந்தப் போன் மாமாவுக்குத்தான் போயிருக்கிறது. "வண்டிய நல்லாச் செஞ்சு குடுங்க பாய். எனக்குத் தெரியும்னு மாப்ளைட்ட சொல்லிராதிய, பாவம்" என்றாராம். எல்லாம் தெரிந்துதான் மறுநாள் சாவியை நீட்டியிருக்கிறார்.

அதோடு முழுக் கதையும் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. இன்றும் நான் ஊறுகாய் பாட்டிலை மூடினால், வீட்டில் யாராவது ஒருவர் "ஒரு முறுக்கு போதும்!" என்று கத்துவார்கள். மாமா மட்டும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

போன மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன். இப்போது அந்த வண்டிக்கு நான்தான் டிரைவர். அம்பாசமுத்திரம் போகிற வழியில் முன்பக்கம் ஏதோ லேசாகக் கேட்டது.

"மாமா, ஒரு சத்தம் வருது. நிறுத்திப் பானெட்டைத் திறந்து பாக்கட்டுமா?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே மாமா சொன்னார்:

"கேட்டுக்கிட்டே ஓட்டும்."