பார்த்தேன் கிராணி கொடுத்த சாட்சி

எங்கள் ஊர் காஜா பெராங்கில் பொய் சொல்லி அக்கம்பக்கத்தாரின் உயிரை வாங்கியவர்கள் எத்தனையோ பேர். உண்மையைச் சொல்லியே உயிரை வாங்கியவர் ஒரே ஒருவர்தான். எங்கள் வரிசை வீடுகளில் கடைசி வீடு அவருடையது. ரப்பர் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராணி. பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் 'பார்த்தேன் கிராணி'. கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு எதையும் அவர் வாய் சொல்லாது.

மணி என்ன என்று கேட்டால், "என் கடிகாரத்துல பத்து. நெசமா எத்தனைன்னு எனக்குத் தெரியாது" என்பார். பக்கத்துத் தெங்கேராவிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்த ஒருவன் அங்கே நல்ல மழை என்று சொன்னான். "நீ நனைஞ்சிருக்கிறத பார்க்கிறேன். மழைய நான் பார்க்கல" என்றார். அவன் அந்த ஈரத்தோடு நின்று அரை மணி நேரம் வாதாடினான். காய்ச்சல் வந்ததுதான் மிச்சம்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் இவரிடம் விசாரித்தார்கள். "பொண்ணு எப்படிங்க?" "ஒரு தடவை பார்த்திருக்கேன். இடியாப்பம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. நல்லா சாப்பிட்டா." அவ்வளவுதான். அந்தச் சம்பந்தம் மூன்று மாதம் இழுத்தது.

ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் இறந்தபோது இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இவர் எழுந்து, "இவரு நல்லவருன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் பார்த்தது, தினம் காலையில என் வாசல் வழியா நடந்து போவாரு. நேரா நடப்பாரு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தி அவரையே பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் பிழைப்பு போய் மாட்டிக்கொண்டது.

மலாயா நாடு சுதந்திரம் அடைந்த புதிது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகத் தோட்டக்காரன். மாதக் கடைசிக்குள் குடியுரிமைப் பத்திரமான சூராட்டைக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் வருவான் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் பிறப்புப் பத்திரம் கிடையாது. பால்குடி மறக்கும் முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ஜப்பான்காரன் காலத்தில் போனாள். தோட்டத்துச் சனங்கள் திசைக்கு ஒன்றாகச் சிதறிவிட்டார்கள். நான் பிறந்த தோட்டத்தில் அப்போது இருந்தவர் என்று கை காட்ட மிஞ்சியவர் இந்தக் கிராணி ஒருவர்தான்.

வேறு வழியும் இருந்தது. கோப்பிக் கடையில் ஒரு தரகர் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு. இருபது வெள்ளி கொடுத்தால் பிறந்த தேதி, பார்த்த சாட்சி, கையெழுத்து எல்லாம் அவரே தயார் செய்வார். குடியுரிமை ஆபீசில் யாருக்கோ கோப்பிக் காசும் அவரே கொடுத்துவிடுவார். பாதி ஊர் அவர் வழியாகத்தான் பிறந்துகொண்டிருந்தது.

எனக்கு யாரிடமும் ஒன்று கேட்பதென்றாலே கூச்சம். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு கிராணி வீட்டுக்குப் போனேன்.

"கிராணியாரே, நான் உங்க தோட்டத்துல பொறந்தவன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க."

"நீ பொறந்தத நான் பார்க்கல தம்பி."

"ஆம்பளைங்க யாருமே பார்த்திருக்க மாட்டாங்களே, ஐயா."

"அப்ப மருத்துவச்சிய கூட்டிட்டு வா."

"அவங்க செத்துப் போயிட்டாங்க."

"அதையும் நான் பார்க்கல."

இரண்டாம் முறை போகும்போது என் மனைவி செல்லம்மா ஒரு தட்டில் வடை கொடுத்தனுப்பினாள். கிராணி தட்டை வாங்கினார். வாங்கியவர் உள்ளே போகவில்லை. வெளியே இறங்கி, தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு வீட்டு வாசலையும் கடந்து, கேட்டவர்களுக்கெல்லாம் "சாட்சி கேட்டு வடை கொண்டாந்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். நான் அவர் பின்னாலேயே நடந்து வந்தேன். அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

"இந்த மனுசன் வேணாங்க. நாளைக்கே தரகர்கிட்ட போங்க" என்றாள் செல்லம்மா. அவள் சேர்த்து வைத்திருந்த இருபது வெள்ளியை என் சட்டைப் பையில் வைத்தாள்.

மறுநாள் கோப்பிக் கடையில் தரகரின் நாற்காலி காலியாக இருந்தது. செமாபோக்கிலிருந்து அண்ணன் தம்பி இருவர் அவரிடம் காகிதம் வாங்கியிருந்தார்களாம். அதன்படி அண்ணன் பிறந்து நாலே மாதத்தில் தம்பி பிறந்துவிட்டான். புதிதாக வந்திருந்த மலாய் அதிகாரி இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்து, "உங்கள் அம்மாவுக்கு ரொம்ப அவசரமோ?" என்று கேட்டாராம். அன்றோடு தரகரைக் காணவில்லை. சாட்சிக் கடிதம் எது வந்தாலும் அதிகாரி துருவித் துருவிப் பார்க்கிறார் என்றார்கள். மாதம் முடிய நாலு நாள்.

செல்லம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே கிளம்பினாள். நான் வேலி ஓரமாக நின்றுகொண்டேன்.

"ஏன் அண்ணே, இவரு பொறந்தத நீங்க பார்க்கல, சரி. அப்ப இவரு என்ன, வானத்துலேர்ந்தா விழுந்தாரு?"

"விழுந்ததையும் நான் பார்க்கலம்மா."

"அப்ப என்னதான் பார்த்தீங்க? அதையாச்சும் சொல்லித் தொலைங்க!"

கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படிக் கேளு. இத்தனை பேரு வந்தாங்க. இத எழுது, அத எழுதுன்னுதான் சொன்னாங்க. என்ன பார்த்தேன்னு ஒருத்தரும் கேட்கல லா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு மணி நேரம் கழித்து இங்கிலீஷில் ஒரு முழுப் பக்கம் எழுதி ஒட்டிய உறையைக் கொடுத்தார். நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை. பிரித்திருந்தாலும் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

மறுநாள் ஆபீசில் அதிகாரி உறையைப் பிரித்து அதைப் படிக்க ஆரம்பித்தார். முதலில் முகம் சுருங்கியது. அப்புறம் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, தெரியுமா?" என்று மலாயில் கேட்டார். தலையாட்டினேன், தெரியாது என்று. ஆபீசே கேட்கும்படி மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார்.

'இவன் பிறந்ததை நான் பார்க்கவில்லை. தேதி எனக்குத் தெரியாது. மூன்று நாள் விடாத மழை, மரம் சீவவில்லை, பால் நிறுக்கிற தராசு சும்மா கிடந்தது. இவன் அப்பன் ஒரு துணியில் இவனைச் சுற்றிக் கொண்டுவந்து, என் மகனை நிறுத்துச் சொல்லுங்கள் என்றான். தொப்புள்கொடி காயவில்லை. நிறுத்தேன். ஆறேகால் ராத்தல். துணிக்குக் கால் ராத்தல் கழித்து, ஆறு என்றேன். ஆறு ராத்தலா என்று கேட்டு அவன் சிரித்தான். மழையில் நனைந்துகொண்டே லயத்து வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். இவ்வளவுதான் பார்த்தேன்.'

"இந்த மாதம் எனக்கு வந்த சாட்சிகளில், தெரியாது என்று எழுதியிருப்பவர் இவர் ஒருவர்தான்" என்று சொல்லி அதிகாரி முத்திரையை எடுத்தார். எனக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

வேலை நிரந்தரமானது. செல்லம்மா மறுபடி வடையோடு போனாள்.

"இது எதுக்கு?"

"சூராட்டுக்கு இல்ல அண்ணே. இன்னைக்கு வடை சுட்டேன், எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறேன்."

"கொடுத்தத நான் பார்க்கலையே."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து, இன்னும் உளுந்து அரைத்து, மற்ற வீடுகள் அத்தனைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். கிராணி வாசலில் நின்று ஒவ்வொரு வீடாகப் பார்த்து முடித்த பிறகுதான் இரண்டு வடை சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் கம்மி என்றும் சொன்னார்.

அவர் போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. அந்த மனிதரைப் பற்றிப் பேச்சு வந்தால் செல்லம்மா இன்னமும் திட்டுவாள், நானும் சேர்ந்து திட்டுவேன். ஆனால் என் அப்பா சிரித்ததைப் பார்த்திருந்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.